கொக்கியில் எத்தனை கிலோ?

கடந்த ஆடி மாதம், உயரம் கூட்டிய பிக்கப் ஒன்று கேரவன் டிரெய்லரை இழுத்தபடி நாகர்கோவிலில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. "அண்ணாச்சி, ஆரல்வாய்மொழி தாண்டும்போ பின்னால வால் ஆட்டுது, ஸ்டியரிங்கே கையில நிக்கல்ல" என்றார் ஓட்டி வந்தவர். எஞ்சினுக்குச் சக்தி போதவில்லையோ என்பது அவருடைய சந்தேகம். நான் பானெட்டைத் திறக்கவில்லை. பக்கத்து அரிசிக்கடையில் மேடைத் தராசை இரவல் வாங்கி, டிரெய்லரைக் கழற்றி, அதன் முன்முனையைக் கட்டை கொடுத்துத் தராசில் இறக்கினேன். 58 கிலோ காட்டியது. எடைமேடையில் கேரவனின் மொத்த எடையோ 1,100 கிலோ.

இவ்வகை டிரெய்லரில் மொத்த எடையின் 10 முதல் 15 விழுக்காடு இழுக்கும் வண்டியின் கொக்கியில் அமர வேண்டும். இதற்கு 110 கிலோவாவது வேண்டும். அச்சுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது. அதற்கும் பின்னால் ஜெனரேட்டர். பின்பாரம் மிகுந்தால் முன்முனை மேலே தூக்கப் பார்க்கும்; பக்கக்காற்று ஒருமுறை தள்ளினால் போதும், டிரெய்லர் ஊசலாடத் தொடங்கிவிடும். ஜெனரேட்டரை முன்னால் மாற்றி, தொட்டியைப் பாதியாக்கியதும் தராசு 124 காட்டியது.

அப்படியானால் முன்னாலேயே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். கரடுமுரடான நிலத்தில் வேகமாக ஓடுவதற்கென்றே செய்த பிக்கப்களில் அங்குதான் சிக்கல். மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் ஃபோர்டு ராப்டர்கள் பலவற்றைக் கையாண்டிருக்கிறேன். மணல்மேட்டில் குதித்து இறங்குவதற்காக அவற்றின் சஸ்பென்ஷன் மென்மையாக, நீண்ட அசைவுடன் அமைக்கப்பட்டிருக்கும். ராப்டர் என்பது ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்பில் ஒரு வகை. சாதாரண எஃப்-150 வகைகளில் சில 6,000 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது, 2021 ராப்டரின் உச்ச வரம்பு சுமார் 3,700 கிலோதான். வண்டி தன்மேல் தாங்கக்கூடியது, கொக்கியில் அமரும் எடையும் சேர்த்து, அதிகபட்சம் சுமார் 635 கிலோ. முழு வரம்புக்கு இழுத்தால், 10 விழுக்காடு என்று வைத்தாலும் கொக்கியில் 370 கிலோ. எழுபது கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 350. பெட்டி ஒன்றும் வைக்காமலே வரம்பு கடந்துவிட்டது. வாங்குபவர்கள் குதிரைத்திறனைக் கேட்கிறார்களே தவிர, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் படித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பின்பக்கம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங்கும் பிரேக்கும் தளரும். எடையை முன் அச்சுக்குத் திருப்பும் ஹிட்ச் ஓரளவு உதவும். ஆனால் தாங்கும் வரம்பை அது கூட்டாது. இன்னொன்று டயர்: சொத்தவிளைக் கடற்கரை மணலில் இறங்கக் காற்றைக் குறைத்தவர், நெடுஞ்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். தளர்ந்த டயரின் பக்கச்சுவர் வளைந்து, ஆட்டத்தை இன்னும் பெருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளைக் கடக்கும்போது, வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள். லாரி முந்தும்போது காற்று ஒரு நொடி தடைபட்டு, மறுநொடி முழு வேகத்தில் அறையும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் தனிக் கண்ட்ரோல் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள். பின்னாலிருந்து இழுபட்டு டிரெய்லர் நேராகிவிடும்.