கொசு அடித்த கையில் ஒட்டும் சிவப்பு

கையில் உட்கார்ந்த கொசுவை அடித்தால் ஒரு சிவப்புப் பொட்டு தெரியுமே, அது கொசுவின் ரத்தம் இல்லை, நம்முடையது, அல்லது பக்கத்தில் படுத்திருப்பவருடையது. பூச்சிகளின் உடம்பில் மெல்லிய மூச்சுக்குழல்கள் கிளைபரப்பி ஆக்சிஜனை நேராகத் திசுக்களுக்கே கொண்டுபோய்விடுவதால், பெரும்பாலான பூச்சிகளின் ரத்தத்துக்கு அந்தச் சுமைதூக்கும் வேலை கிடையாது. கரப்பானை நசுக்கினால் சிவப்பாக எதுவும் வராததும் இதனால்தான்.

நமக்குச் சுமைதூக்குவது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். அதன் ஒரு மூலக்கூறில் 4 இரும்பு அணுக்கள். ஆக்சிஜனைப் பிடித்திருக்கும்போது பளிச்சென்ற சிவப்பு, விட்டுவிட்டால் கருஞ்சிவப்பு. அவ்வளவுதான், நீலமெல்லாம் ஆகாது. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தக் குப்பியைப் பாருங்கள், நரம்பிலிருந்து வருவது மெரூன் நிறம்தான். அப்புறம் ஏன் புறங்கை நரம்பு நீலமாகத் தெரிகிறது? சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகும், போன இடத்தில் நரம்பு இருந்தால் அங்குள்ள ரத்தம் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நீல ஒளியோ அவ்வளவு ஆழம் போகாமலே சிதறித் திரும்பிவிடும். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடத்தில் சிவப்பு குறைவதால் கண் அதை நீலம் என்று எடுத்துக்கொள்கிறது.

நிஜமான நீல ரத்தம் ஆக்டோபஸ், கணவாய், நண்டு, தேள் வகையறாக்களிடம் இருக்கிறது. அங்கே இரும்புக்குப் பதில் செம்பு, பெயர் ஹீமோசயனின். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்க 2 செம்பு அணுக்கள் வேண்டும், பிடித்தால்தான் நீலம், விட்டதும் நிறமே இருக்காது.

நியூ கினியில் சில அரணைகளுக்கு ரத்தம் பச்சை, எலும்பும் நாக்கும்கூட. எனக்குப் பிடித்த கதை இதுதான், ஏனென்றால் அவற்றிடமும் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. பழைய ஹீமோகுளோபின் சிதையும்போது வரும் பிலிவெர்டின் என்ற பச்சைக் கழிவு வெளியேறாமல் ஏகத்துக்கும் தேங்கிச் சிவப்பையே மறைத்துவிடுகிறது. அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சையாகுமே, அதே சரக்கு.

அண்டார்டிகாவின் ஐஸ் மீனுக்கு ஹீமோகுளோபினே இல்லை. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும் என்பதால் ரத்தத்தில் வெறுமனே கரைந்திருப்பதை வைத்தே ஓட்டுகிறது, அதற்குத் தோதாகப் பெரிய இதயமும் உண்டு. ரத்தம் தண்ணீர் மாதிரி, செவுள்கூட வெளுப்பாகத்தான் இருக்கும்.