செல்லே இல்லாததை ஆன்டிபயாட்டிக் எப்படிக் கொல்லும்?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். அண்மையில் ஒருவர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்க வந்தார். நான்கு நாளாகக் காய்ச்சலாம். ஊருக்குப் போனபோது வாங்கிவந்த அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மூன்று மாத்திரையும் போட்டு முடித்துவிட்டார். உடம்பு வலிக்கு ஐபுபுரோஃபென் வேறு. "இப்ப காய்ச்சல் விட்டுருச்சு டாக்டர், அசதிதான் போகல" என்றார். கால்சட்டையை முழங்கால்வரை தூக்கச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள், விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. ரத்தப் பரிசோதனையில் டெங்கி உறுதியானது.

டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிவதும் பெரும்பாலும் அப்போதுதான். அவரோ மாத்திரை கேட்டுவிட்டது என்று நம்பி, மறுநாள் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். மருத்துவமனைக்கு அனுப்பினோம், நல்லபடியாகத் திரும்பிவிட்டார். ஆனால் இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆன்டிபயாட்டிக் காய்ச்சல் மருந்து இல்லை. பாக்டீரியாவின் உடம்பில் இருக்கும் சில குறிப்பிட்ட பாகங்களைத் தாக்கும் மருந்து. அந்தப் பாகம் இருந்தால் தாக்கும், இல்லாவிட்டால் உங்கள் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

பாக்டீரியா ஒரே ஒரு செல்தான், ஆனாலும் முழு உயிர். சத்தை உள்ளே இழுக்கும், அதிலிருந்து சக்தி எடுக்கும், கழிவை வெளியேற்றும், வளரும், இரண்டாகப் பிரியும். குடலில் வாழும் ஈ.கோலை ஆய்வுக்கூடத்தில் வசதி செய்து கொடுத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குச் சவ்வுக்கு வெளியே உறுதியான செல் சுவர் உண்டு. பென்சிலினும் அமோக்சிசிலினும் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. சுவர் பலவீனமானதும் நீர் உள்ளே புகுந்து செல் வெடித்துவிடும். நம் செல்லுக்குச் சவ்வு மட்டும்தான், சுவர் கிடையாது. அதனால் நமக்கு அடி விழுவதில்லை. அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் வேறு வழி. புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதைவிடச் சிறியது, அமைப்பும் வேறு. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் மருந்தே இருக்கிறது.

சுவரே இல்லாத பாக்டீரியாவும் உண்டு. மைக்கோபிளாஸ்மா அப்படிப்பட்டது. அது தரும் நிமோனியாவுக்கு அமோக்சிசிலினை எத்தனை நாள் விழுங்கினாலும் பலன் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக்கொடுத்ததை வாங்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வைரஸுக்கு வருவோம். அதற்குச் செல் சுவர் இல்லை. ரைபோசோம் இல்லை. அது சாப்பிடுவதில்லை, சுவாசிப்பதில்லை, வளர்வதில்லை. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பிள்ளை உயிருள்ளவற்றின் பண்புகள் என்று ஒப்பிக்கும் பட்டியலில் பெருகுவது ஒன்றைத்தான் அது செய்கிறது, அதையும் தனியாகச் செய்ய முடியாது. கொஞ்சம் மரபுப் பொருள், சுற்றிப் புரத உறை, சிலவற்றுக்கு அதற்கு மேல் நம் செல்லிலிருந்தே பிய்த்துக்கொண்டு வந்த ஒரு சவ்வு. அடுத்தவர் வீட்டு அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவனைப் போல, நம் செல்லுக்குள் நுழைந்து நம் ரைபோசோமை வைத்தே தன் புரதத்தைச் செய்துகொள்கிறது. ஆன்டிபயாட்டிக் போய்த் தாக்க அங்கே என்ன இருக்கிறது? சாதாரணச் சளி, ஃபுளூ, கோவிட், டெங்கி, பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் கை கால் வாய்ப் புண் நோய், எல்லாமே வைரஸ்தான். ஃபுளூவுக்கு ஓசெல்டாமிவிர் போன்ற தனி மருந்து இருக்கிறது. அது ஆன்டிபயாட்டிக் அல்ல.

அடுத்தது, நான் தினமும் கேட்கும் வாக்கியம்: "சளி பச்சையா வருது டாக்டர், ஆன்டிபயாட்டிக் குடுங்க." டிஷ்யூவை விரித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பச்சை கிருமியின் நிறம் இல்லை, உங்கள் சொந்த வெள்ளை அணுக்களின் நிறம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவுக்குள் இரும்புச் சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. சளிபிடித்த இடத்துக்கு அந்த அணுக்கள் கூட்டமாக வரும், வேலை முடிந்து சாகும், உள்ளே இருக்கும் நொதி சளியோடு கலக்கும். வைரஸ் வந்தாலும் இது நடக்கும், பாக்டீரியா வந்தாலும் நடக்கும். முதல் இரண்டு நாள் தண்ணீராக ஓடி, பிறகு மஞ்சளாகி, பச்சையாகி, ஒரு வாரம் பத்து நாளில் அடங்குவது சாதாரணச் சளியின் வழக்கமான போக்கு. நிறத்தைப் பார்த்து மருந்து எழுத முடியாது. மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் சத்தம் எப்படி இருக்கிறது, சற்றுத் தேறிய பிறகு மறுபடி காய்ச்சல் ஏறியதா, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறதா, இதையெல்லாம்தான் நாங்கள் பார்க்கிறோம்.

"போன தடவை போட்டேன், மூணு நாள்ல சரியாயிருச்சு" என்பார்கள். எந்த நாளில் போட்டீர்கள்? பெரும்பாலும் ஐந்தாம் நாள். அந்த வாரக் கடைசியில் அது தானாகவே போயிருக்கும்.

சும்மா ஒன்று போட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்காதீர்கள். குடலில் நமக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும், வயிற்றுப்போக்கு வரும், வாயில் பூஞ்சை படரும். இளவயதினருக்கு வரும் சுரப்பிக் காய்ச்சலும் வைரஸால் வருவதுதான். அதற்கு அமோக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துச் சிவப்பதுண்டு. அப்புறம் அவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவாகி, நிஜமாகத் தேவைப்படும் நாளில் நல்ல மருந்து ஒன்றைக் கொடுக்கத் தயங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தைத் தாக்குப்பிடித்த பாக்டீரியா உடம்பில் தங்கிப் பெருகும். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945ல் நோபெல் உரையிலேயே இதை எச்சரித்துவிட்டார். சிங்கப்பூர் இதற்கென்றே 2017ல் ஒரு தேசியச் செயல்திட்டம் வகுத்தது. வீட்டு ஃபிரிட்ஜில் பாதி சிரப்பை மிச்சம் வைத்துக்கொண்டு அதை நிறைவேற்ற முடியாது.

எனவே, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ஆன்டிபயாட்டிக் வாங்கிவரச் சொல்லாதீர்கள். வீட்டில் மிஞ்சியிருந்தால் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பாட்டிமார்களே, அண்ணனுக்கு வாங்கிய மருந்தைத் தயவுசெய்து தம்பிக்கு ஊற்றாதீர்கள். மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் எதற்கு என்று தாராளமாகக் கேளுங்கள். தொண்டையில் ஸ்ட்ரெப் பாக்டீரியா, சிறுநீர்த் தொற்று என்று காரணம் சொன்னால், சொன்ன நாள்வரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். வேறு நோய்க்காக மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள். காய்ச்சல் மூன்று நாள் நின்றால் வந்து பாருங்கள். என்னென்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்தால் கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.