மூலதனக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது? ஒரே எண்ணை நம்பாதீர்கள்

ஒரு நாட்டுக்குள் மூலதனம் எவ்வளவு தடையின்றி வந்துபோகிறது என்று காட்ட, பல ஆய்வறிக்கைகள் சின், இட்டோ என்ற இரு பொருளியலாளர்கள் உருவாக்கிய சின்–இட்டோ குறியீட்டை எடுத்து வைத்துவிட்டு மேலே போய்விடுகின்றன. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தபிறகே அதைக் கையாள வேண்டும்.

பன்னாட்டு நாணய நிதியம் ஆண்டுதோறும் வெளியிடும் செலாவணிக் கட்டுப்பாட்டு அறிக்கைதான் அதற்கு மூலம். கேள்விகள் நான்கு. நாணயத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாற்று விகிதம் உண்டா? நடப்புக் கணக்கில், அதாவது பொருள், சேவை வணிகம் போன்றவற்றுக்கான பணத்தில், தடை உண்டா? மூலதனக் கணக்கில், அதாவது முதலீடும் கடனுமாக வந்துபோகும் பணத்தில்? ஏற்றுமதியாளர் ஈட்டிய டாலரை ஒப்படைத்தாக வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்பதே பதில். கெடுபிடி எவ்வளவு என்பதற்கு அங்கே இடமில்லை.

இந்தியாவையே பாருங்கள். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2004இல் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 25,000 டாலர். ரூபாய் சரிந்த 2013 ஆகஸ்டில் அது 2 லட்சத்திலிருந்து 75,000 ஆக வெட்டப்பட்டது. 2015 முதல் 2.5 லட்சம். தொடக்கத்தைப்போல் பத்து மடங்கு! குறியீட்டிலோ இந்தியா கீழ்த்தட்டிலேயே நிற்கிறது. தடை ‘உண்டு’ என்ற பதில் மாறவில்லையே. போதாததற்கு, மூலதனக் கணக்கின் பதில் ஐந்தாண்டுச் சராசரியாகச் சேர்கிறது. 1998 செப்டம்பரில் மலேசியா செய்ததுபோல் ஒரே நாளில் கதவைச் சாத்தினாலும், எண் மெல்லத்தான் இறங்கும்.

சட்டத்தை விட்டுவிட்டு இருப்பை அளப்பது லேன், மிலேசி-ஃபெரெட்டி என்ற பொருளியலாளர் இருவரின் வழி: ஒரு நாட்டுக்கு வெளிநாட்டில் உள்ள சொத்தையும், வெளிநாட்டாருக்கு அது பட்டிருக்கும் கடப்பாட்டையும் கூட்டி ஜிடிபியால் வகுப்பது. இதில் செலாவணி மாற்றம் ஆளை ஏமாற்றும். ஜிடிபி 100, டாலரில் உள்ள சொத்து 30, கடப்பாடு 40, அதில் பாதி டாலரில் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 70%. டாலர் 20% ஏறினால் சொத்து 36, கடப்பாடு 44. விகிதம் 80% ஆகிவிடும். ஒரு காசுகூட எல்லை தாண்டவில்லை. அயர்லாந்து, லக்ஸம்பர்க் போன்ற நாடுகளில் வரிக்காக வந்து தங்கும் நிறுவனக் கணக்குகளும் இந்த விகிதத்தை ஊதிப் பெருக்குகின்றன.

எங்கள் கணிப்பில், கூர்மையான சாட்சி விலைதான். டாலர் 84 ரூபாய், ஓராண்டு வட்டி இங்கே 7%, அமெரிக்காவில் 4% என்றால், ஓராண்டு முன்பேர விலை (ஓராண்டு கழித்துக் கைமாறும் டாலருக்கு இன்றே பேசிக்கொள்ளும் விலை), தடை ஏதும் இல்லாவிட்டால், 84 × 1.07 ÷ 1.04, அதாவது சுமார் 86.42 இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அதே தவணைக்கு 87.50 கேட்கிறார்கள் என்றால், ஒரு டாலருக்கு ரூ.1.08 லாபம் எடுப்பாரின்றிக் கிடக்கிறது. எடுக்கவிடாமல் ஏதோ தடுக்கிறது. 2020 ஜூனில் ரிசர்வ் வங்கி இந்திய வங்கிகளை சிங்கப்பூர் போன்ற இடங்களில் நடக்கும் அந்த வெளிநாட்டு ரூபாய்ச் சந்தைக்குள் அனுமதித்ததே இந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.

ஆனால் சின்ன இடைவெளியைக் கண்டதும் கட்டுப்பாடு என்று எழுதிவிடக் கூடாது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு யூரோ, யென் போன்ற திறந்த சந்தைகளிலேயே வங்கிகளின் மூலதன விதிகளால் இந்தச் சமன்பாடு பிசகுகிறது. இடைவெளியின் அளவோடு, அது எத்தனை மாதம் நீடிக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.