தர்காச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

தர்காவின் வருடாந்திர விழாவான கந்தூரிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் எனக்குப் போன் வரும். "சுவரெல்லாம் உதிருது, சிமெண்ட் வச்சுப் பூசிடலாமா பாய்?" பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கடலோர தர்காக்களில் இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

நாகூர் தர்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த 131 அடி பெரிய மினாரா (கோபுரம்), கூடவே இன்னும் நாலு மினாராக்கள், எல்லாம் கடல்காற்றில்தான் நிற்கின்றன. அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. இதுபோன்ற கடலோரக் கட்டடங்களில் தரையிலிருந்தும் உப்புத் தண்ணீர் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டோ எனாமல் பெயிண்டோ டைல்ஸோ போட்டு அடைத்தால், ஈரம் போக வழியில்லாமல் உப்பு உள்ளேயே பூத்துச் செங்கலை மாவாக்கிவிடும். ஒரு தர்காவில் இடுப்பு உயரத்துக்கு ஒட்டியிருந்த டைல்ஸைப் பெயர்த்தோம், பின்னால் இருந்த செங்கல் விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது. அதை ஒட்டியவர்களும் பக்தியோடுதான் செய்திருக்கிறார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஆசிட். விளக்கு எண்ணெய்க் கறைக்கும் ஊதுபத்திப் புகைக்கும் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். கறையோடு சுண்ணாம்பும் கரைந்துவிடும். எண்ணெயை அன்றன்றைக்கே பழைய துணியால் ஒற்றி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. புறா எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்கக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. லேசாக நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு மரக்கரண்டியால் எடுங்கள்.

நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு தர்காக் குளத்தில் முங்குகிறவர்களுக்கும் ஒன்று, சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் வேண்டாம். நீங்கள் மருந்தாக நினைத்து முங்கும் அதே தண்ணீரில்தான் அடுத்தவரும் முங்க வேண்டும்.

சரி, பூச்சுக்கு என்ன செய்வது? நீற்றிய சுண்ணாம்பு சில மாதமாவது ஊற வேண்டும், பத்து நாளில் ஆகாது. கந்தூரி ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய பிறை ஆண்டுக் கணக்கில் வருஷத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகர்வதால் சில வருஷம் அடைமழையில் வந்து விழும். நனைந்த சுவரில் எந்தப் பூச்சும் நிற்காது. அதனால் அடுத்த கந்தூரிக்கான சுண்ணாம்பை இந்த வருஷக் கந்தூரி முடிந்து கொடி இறக்கிய கையோடு ஊறப்போடுங்கள், எனக்கும் அப்போதே போன் பண்ணுங்கள்.