சுழலாத பந்தின் சூட்சுமம்

பேஸ்பாலில் வேகமாகப் பந்து எறிபவர்களின் தோளும் முழங்கையும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் ஃபில் நீக்ரோ 48 வயது வரை எறிந்தார். 24 சீசன்களில் 318 ஆட்ட வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின. அவற்றில் 121 வெற்றிகள் நாற்பது வயதைத் தொட்ட பிறகு வந்தவை! ஓஹியோவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா, மகனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த வித்தைதான் இதற்குக் காரணம். அதன் பெயர் நக்கிள்பால்.

பெயர் நமக்குப் பழக்கமானதுதான். 2011 உலகக் கோப்பையில், சேப்பாக்கத்தில், ஜாகீர் கான் டெவன் ஸ்மித்தை போல்டாக்கிய பந்தும் நக்கிள்பால்தான். ஆனால் கிரிக்கெட்டில் அது பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் உத்தி. பேஸ்பாலில் கதையே வேறு.

பெயரில் விரல் முட்டி இருந்தாலும், பலரும் விரல் நுனிகளையும் நகங்களையும் பதித்துத்தான் இந்தப் பந்தைப் பிடிக்கிறார்கள். எறிவதைவிடத் தள்ளுவது என்று சொன்னால் பொருந்தும். நோக்கம் ஒன்றே: பந்து சுழலக் கூடாது. சாதாரண வேகப்பந்து நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழலும். நக்கிள்பால் கையை விட்டு மட்டையைச் சேரும் அரை நொடியில் ஓரிரு சுற்றுதான் சுற்றும்.

பேஸ்பால் பந்தில் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் தையல் மேட்டில் இடறும்போது, அந்தப் பக்கம் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ பந்தை விட்டுப் பிரிகிறது. இரு பக்கமும் ஒரே இடத்தில் பிரியாததால், பின்னால் போகும் காற்று ஒரு புறமாகச் சாய்கிறது. பந்து மறுபுறம் தள்ளப்படுகிறது. கிரிக்கெட் பந்து ஸ்விங் ஆவதும் இந்த அடிப்படையில்தான். வேகமாகச் சுழலும் பந்தில் தையல்கள் மாறி மாறி வருவதால் இந்தத் தள்ளல் பெருமளவு சமனாகிவிடும். அங்கே சுழற்சியே பந்தை வளைக்கும். மெதுவாகத் திரும்பும் பந்திலோ தையல் நிற்கும் இடமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1975இல் வாட்ஸ், சாயர் என்ற இருவர் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து இதை அளந்தே காட்டினார்கள்.

நக்கிள்பால் வண்ணத்துப்பூச்சி போல நடுவழியில் அங்குமிங்கும் அலையும் என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். இயற்பியலாளர் ஆலன் நேதன், பந்தின் பாதையைக் கேமராக்கள் பதிவுசெய்த தரவுகளை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு பந்தும் மற்றப் பந்துகளைப் போலவே சீரான வளைவில்தான் போயிருந்தது. அடுத்த பந்து எந்தப் பக்கம், எவ்வளவு வளையும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எனக்கு இது வண்ணத்துப்பூச்சியைவிடப் பெரிய அதிசயமாகப் படுகிறது. கையை விடும்போது பந்து மயிரிழை திரும்பியிருந்தாலும் பாதை மாறிவிடும். எறிந்தவருக்கே தெரியாததை மட்டைக்காரர் எப்படிக் கணிப்பார்?

பந்தைப் பிடிப்பவர் பாடும் திண்டாட்டம்தான். ஹாய்ட் வில்ஹெம் எறியும் நக்கிள்பாலைப் பிடிப்பதற்காகவே 1960இல் பால்டிமோர் அணி மிகப் பெரிய கையுறை ஒன்றைச் செய்யச் சொன்னது. அந்த வில்ஹெமும் ஏறக்குறைய ஐம்பது வயது வரை ஆடியவர்.

ஆர். ஏ. டிக்கியின் வலது முழங்கையில், எறிபவர்களுக்கு உயிரான உட்புறத் தசைநார் பிறவியிலேயே கிடையாது. வேகப்பந்து கைகொடுக்காமல் போனபின் நக்கிள்பாலுக்கு மாறினார். 2012இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 20 வெற்றிகள் பெற்று, சிறந்த எறிபவருக்கான சை யங் விருதை வென்றார். நக்கிள்பாலையே நம்பி எறிந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 38.