காய்கறி கூப்பன் குடுத்தா நெஜமாவே காய்கறி கூடுதா? கண்டுபிடிக்கறது எப்படி

தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துல, தமிழ் ஜனங்க நெறைய இருக்கற சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு அமைப்பு வந்து, வருமானம் கம்மியா இருக்கற வீடுகளுக்குக் காய்கறி வாங்க கூப்பன் குடுக்குதுன்னு வெச்சுக்குங்க. ஆகஸ்ட் கடைசியில வீடு வீடா போய் நேத்து என்ன சாப்டீங்கன்னு கேட்டு எழுதிக்கறாங்க, அப்புறம் கூப்பன் குடுக்கறாங்க, அக்டோபர் முதல் வாரத்துல திரும்ப வந்து அதே கேள்வியக் கேக்கறாங்க. காய்கறி நல்லாவே கூடியிருக்கு. திட்டம் வெற்றின்னு ரிப்போர்ட் எழுதிடறாங்க.

ஆனா நடுவுல புரட்டாசி வந்துருச்சே! செப்டம்பர் பாதியிலேருந்து அக்டோபர் பாதி வரைக்கும் இங்க எத்தனையோ தமிழ் வீட்ல கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது, பீன்ஸு, கத்தரிக்கா, கீரை, பருப்புன்னு தான் ஓடும், கூப்பன் இல்லேன்னாலும் அந்த வாரம் காய்கறி கூடித்தான் இருக்கும். போதாததுக்கு அரசாங்க மானியப் பணம் மாசத்தோட முதல் சில நாள்ல தான் கைக்கு வருது, அதனால முதல் வாரத்துல கேட்டா கூடை நெறைஞ்சிருக்கும், கடைசி வாரத்துல கேட்டா கதையே வேற. அப்ப கூடுனது கூப்பனாலயா, புரட்டாசியாலயா, மானியத்தாலயா? முன்னாடி பின்னாடி மட்டும் பாத்தா இதப் பிரிக்கவே முடியாது.

இந்த மாதிரி திட்டங்கள அளக்கறதுல இருக்கற பெரிய கேள்வியே இதுதான்: கூப்பன் குடுக்காம இருந்திருந்தா இதே வீட்ல என்ன சாப்ட்டிருப்பாங்க? அத நேர்ல பாக்க வழியே இல்ல, ஒரே வீடு ஒரே நேரத்துல கூப்பனோடயும் கூப்பன் இல்லாமயும் இருக்க முடியாதில்ல. அதுக்குத்தான் கண்ட்ரோல் குரூப்னு ஒண்ணு வெக்கறாங்க. அதே ஏரியா, அதே மாதிரி வருமானம், ஆனா கூப்பன் கிடைக்காத வீடுங்க. புரட்டாசி அவங்களுக்கும் வரும், மானியமும் அதே தேதியில வரும். விளங்கறதுக்காக ஒரு கணக்கு போடுவோம், இது எங்கயும் அளந்தது இல்ல: கூப்பன் வீட்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் இருந்தது 230 ஆச்சு, கூப்பன் இல்லாத வீட்ல 150 இருந்தது 200 ஆச்சு. 80 கிராம் கூடுச்சுன்னு சொல்லிக்கலாம், ஆனா அதுல 50 எப்படியும் வந்திருக்கும், கூப்பன் கொண்டு வந்தது 30 தான். உலக சுகாதார நிறுவனம் பழமும் காயுமா ஒரு நாளைக்கு 400 கிராமாவது சாப்பிடச் சொல்லுது, அதோட வெச்சுப் பாத்தா 30க்கும் 80க்கும் எவ்வளவு வித்தியாசம்னு புரியும்.

சரி, யாருக்குக் கூப்பன், யாருக்கு இல்லன்னு எப்படி முடிவு பண்றது? விருப்பம் இருக்கறவங்க பேரு குடுங்கன்னு சொன்னா, ஏற்கனவே ஒடம்பு மேல அக்கறை இருக்கறவங்க தான் முதல்ல வருவாங்க, கண்ட்ரோல்ல மிச்சம் இருக்கறவங்க வேற மாதிரி ஆளுங்களா இருப்பாங்க, ரெண்டையும் ஒப்பிட்டு என்ன பிரயோஜனம். அதனால குலுக்கிப் போடணும். இதப் பெரிய அளவுல செஞ்சு காட்டுனது அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாம்ப்டன் கவுன்ட்டியில. அரசாங்க உணவு உதவி வாங்கற சுமார் 55,000 வீடுகள்லேருந்து 7,500 வீட்டைக் குலுக்கல்ல எடுத்தாங்க. 2011 கடைசியிலேருந்து 2012 கடைசி வரைக்கும், அவங்க காய்கறி பழத்துக்கு ஒரு டாலர் செலவு பண்ணா 30 சென்ட் திரும்ப அவங்க உணவு உதவி கார்டுலயே ஏறிடும். முடிவு என்னன்னா, இந்தச் சலுகை கிடைச்ச குரூப் ஒரு நாளைக்குக் கால் கப் கிட்ட காய்கறி பழம் அதிகமா சாப்ட்டாங்க, கண்ட்ரோல் குரூப்ப விட 26 சதவீதம் அதிகம். கால் கப்பான்னு கேக்காதீங்க, தினமும் கால் கப்ங்கறது சின்ன விஷயம் இல்ல, அதோட குலுக்கல்ல வந்ததால அந்த நம்பர நம்பலாம்.

நம்ம தென்னாப்பிரிக்காவுலயும் ஒண்ணு நடந்துச்சு. 2009ல டிஸ்கவரிங்கற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தோட வைட்டாலிட்டி திட்டத்துல, பிக் அண்ட் பே சூப்பர்மார்க்கெட்ல நல்ல சாப்பாட்டுச் சாமான் வாங்குனா 10 சதவீதமோ 25 சதவீதமோ பணம் திரும்பக் குடுத்தாங்க. கடை பில் டேட்டாவ வெச்சுப் பாத்தப்ப, மொத்த சாப்பாட்டுச் செலவுல காய்கறி பழத்தோட பங்கு 10 சதவீதத் தள்ளுபடிக்கு 5.7 சதவீதமும், 25க்கு 8.5 சதவீதமும் கூடியிருந்துச்சு. நல்ல சேதி தான், ஆனா அதுல சேந்தவங்க தாங்களே விரும்பிச் சேந்தவங்க, மெடிக்கல் எய்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, கட்டற வசதி இருக்கறவங்க. மாசக் கடைசியில முட்டைக்கோஸா ரொட்டியான்னு யோசிக்கற வீட்டுக்கு இதே நம்பர் பொருந்தும்னு யாரும் சொல்லிட முடியாது.

பில்லுக்கு இன்னொரு குறையும் இருக்கு, நம்ம ஊர்ல ரொம்பப் பெரிய குறை. சாட்ஸ்வர்த் ஜனங்க பங்களாதேஷ் மார்க்கெட்ல காசு குடுத்து வாங்கறாங்க, டவுன்ல வார்விக் பக்கம் எர்லி மார்னிங் மார்க்கெட்ல வாங்கறாங்க, அங்கெல்லாம் ஸ்கேனர் ஏது. சூப்பர்மார்க்கெட்ல மட்டும் செல்லற கூப்பனக் குடுத்தா, மார்க்கெட்ல வாங்கிட்டிருந்த அதே கீரைக்கட்டையும் பூசணியையும் ஜனங்க கடை மாத்தி வாங்குவாங்க, பில்லுல ஏறுன மாதிரி தெரியும், தட்டுல ஒரு கரண்டி கூட ஏறியிருக்காது. நடுவுல அந்த மார்க்கெட் அக்காவுக்கு யாவாரம் போச்சு, அந்த நஷ்டத்தையும் கணக்குல எழுதணும்னு நான் சொல்வேன், அவங்களும் கையில காசு ஓடாத குடும்பம் தானே.

அதனால தட்டுல என்ன விழுந்துச்சுன்னு கேட்டுத்தான் ஆகணும். வழக்கமா நேத்து காலையிலேருந்து இன்னிக்கு காலை வரைக்கும் சாப்ட்டது எல்லாத்தையும் ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்லுவாங்க. ஹாம்ப்டன்லயும் இதத்தான் பண்ணாங்க. கஷ்டம் என்னன்னா, கூப்பன் குடுத்தவங்களே வந்து கேட்டா எந்த அம்மாவும் "காயே ஆக்கல"ன்னு சொல்ல மாட்டாங்க, மரியாதைக்காவது ரெண்டு சேத்துச் சொல்லுவாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, மனுச சுபாவம், ஆனா கேக்கறவங்க கூப்பன் குடுக்கற ஆளா இருக்கக் கூடாது, எந்த வீடு எந்த குரூப்னு அவங்களுக்குத் தெரியாம இருந்தா இன்னும் நல்லது. ஒரே சட்டியில ஆறு பேர் சாப்பிடற வீட்ல ஒருத்தர் பங்கு எவ்வளவுன்னு பிரிக்கறதும் லேசு இல்ல. உருளைக்கிழங்கு, மடும்பிய (சேப்பங்கிழங்கு மாதிரி கிழங்கு) காய்கறில சேக்கறதா வேணாமான்னு முன்னாடியே எழுதி வெச்சிடணும், ரிசல்ட் வந்தப்புறம் முடிவு பண்ணா நம்பர நமக்குப் புடிச்ச மாதிரி வளச்சுக்கலாம். ஹாம்ப்டன்ல உருளைக்கிழங்குக்கு 30 சென்ட் கிடையாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க.

வாய் வார்த்தைய சரிபாக்க ஒடம்புலயே ஒரு சாட்சி இருக்கு, கரோட்டினாய்டு. கேரட், பூசணி, கீரையில இருக்கற இந்தச் சத்து ரத்தத்துலயும் தோல்லயும் போய்ச் சேரும், ரத்தம் எடுத்தோ, விரல் மேல லைட் அடிச்சுப் பாக்கற கருவி வெச்சோ அளக்கலாம். கொஞ்ச வாரத்துச் சாப்பாட்ட அது சேத்துக் காட்டும், பொய் சொல்லத் தெரியாது. ஆனா முட்டைக்கோஸும் வெங்காயமும் எவ்வளவு சாப்ட்டாலும் அதுல பெருசா தெரியாது, சிகரெட் புடிக்கறவங்களுக்கு எப்பவும் கம்மியா காட்டும். அதனால ரெண்டையும் சேத்து வெச்சுத்தான் பாக்கணும்.

குலுக்கல் போடறது அநியாயம் இல்லையா, பாதி வீட்டுக்குக் குடுத்து பாதிய விட்டா எப்படின்னு கேக்கறவங்க இருக்காங்க, நியாயமான கேள்வி. பெரும்பாலும் எல்லாருக்கும் குடுக்க முதல் வருசம் பணமே இருக்காது, அப்ப தெரிஞ்சவங்களுக்கு மொதல்ல போறத விட குலுக்கல் நேர்மையானது, விட்டுப்போன வீடுங்களுக்கு அடுத்த வருசம்னு எழுதியே குடுத்துடலாம், அது வரைக்கும் அவங்க தான் கண்ட்ரோல் குரூப். ஒரே தெருவுல பாதிப் பாதியா பிரிக்காம தெருத் தெருவா குலுக்கணும், ஏன்னா நம்ம சனம் கூப்பன்ல வாங்குன காய்ல பாதிய மதில் மேல பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடும், அப்படிக் குடுத்தா ரெண்டு குரூப்பும் ஒண்ணாயிடும்.