பூஞ்சையைக் கொல்வது எளிது, நம்மை விட்டுவைப்பதுதான் பெரும்பாடு

பாக்டீரியாவை அடக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்டிபயாட்டிக்குகள் உண்டு. ஆனால் ரத்தத்திலோ நுரையீரலிலோ பூஞ்சை பரவிவிட்டால், மருத்துவர் கையில் இருப்பவை முக்கியமாக நான்கே மருந்துக் குடும்பங்கள். காரணம், பூஞ்சை நமக்குப் பங்காளி முறை. செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். அதன் செல்லுக்குள்ளும் நம்முடையதைப் போலவே உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் உண்டு. அதனால் அதற்கு வைக்கும் விஷம் நம்மையும் பதம் பார்த்துவிடும்.

உருப்படியான வித்தியாசங்கள் இரண்டு. பூஞ்சை செல்லுக்கு வெளியே ஒரு சுவர் இருக்கிறது, நமக்கு இல்லை. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் அதற்கு எர்கோஸ்டெரால் என்ற வேறு கொழுப்பு. இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டைத்தான் குறிவைக்கின்றன. ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் நொதியை அடைத்துவிடும். பூஞ்சை சும்மா இருக்குமா? நொதியின் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொள்கிறது, அல்லது உள்ளே வந்த மருந்தை பம்ப் வைத்து வெளியே இறைத்துவிடுகிறது. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதில் கண்டறியப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இந்த வித்தையில் கெட்டிக்காரப் பூஞ்சை. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் மிக ஆபத்தான நான்கில் அதுவும் ஒன்று.

சரி, இயற்கையில் மருந்து கிடைக்காதா? கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கிராம்பின் யூஜினால், பூண்டின் அல்லிசின், மஞ்சளின் குர்குமின் எல்லாமே சோதனைத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கும். நடுவில் ஒரு துளி வைத்தால் சுற்றிலும் பூஞ்சை வளராத வட்டம் பளிச்சென்று தெரியும். அந்த வட்டத்தைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது என் கருத்து. தட்டில் தேவைப்படும் அளவு பெரும்பாலும் ரத்தத்தில் எட்டவே முடியாத அளவு. குர்குமின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே அரிது.

நோயாளியின் படுக்கை வரை வந்த இயற்கைச் சேர்மங்கள் பெரும்பாலும் மண்ணுக்கடியில் பிறந்தவை. அங்கே நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மல்லுக்கட்டுகின்றன. 1950-ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்தை அறிவித்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். கண்ணாடி ஜாடிகளில் மாதிரிகள் தபாலில் போய் வந்துகொண்டிருந்தன. அதைத் தந்த பாக்டீரியா ஒரு பண்ணை மண்ணில் இருந்தது.

அதே குடும்பத்து ஆம்போடெரிசின் பி வெனிசுவேலா மண்ணிலிருந்து வந்தது. அது சவ்வில் ஓட்டை போடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் மூலக்கூறுகள் ஒன்றுகூடி பஞ்சு போல சவ்வின் மேல் உட்கார்ந்து, எர்கோஸ்டெராலை உறிஞ்சி எடுத்துவிடுகின்றன என்று 2014-ல் காட்டினார்கள். சிக்கல், அதே பஞ்சு நம் சிறுநீரகச் செல்களிலிருந்து கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் உறிஞ்சும். மருத்துவர்களே இதை 'ஆம்போ-டெரிபிள்' என்று கிண்டலடிப்பதுண்டு.

அதனால் இப்போது புதிய இலக்குகளைத் தேடுகிறார்கள். கடல்பீச்சி என்ற கடல்வாழ் உயிரி ஒன்றில் குடியிருக்கும் பாக்டீரியாவிடமிருந்து 2020-ல் டர்பின்மைசின் கிடைத்தது. செல்லுக்குள் சரக்கு அனுப்பும் ஏற்பாட்டை அது முடக்குகிறது. 2025-ல் அறிவிக்கப்பட்ட மாண்டிமைசின் எர்கோஸ்டெராலைத் தொடுவதே இல்லை, சவ்வைக் கட்டியிருக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகளைப் பிடிக்கிறது. ஆகவே எர்கோஸ்டெராலை மாற்றிக்கொண்டு தப்பிய பூஞ்சைக்கும் இதனிடம் தப்பிப்பது கடினம். இரண்டும் எலிகளில் பலன் தந்தவை.

இன்னொரு வழி, பழைய மருந்துக்குத் துணையாள் தேடுவது. மருந்தின் அழுத்தத்தைத் தாங்க பூஞ்சைக்கு எச்எஸ்பி90 என்ற புரதம் முட்டுக்கொடுக்கிறது. மண் பாக்டீரியாவின் ஜெல்டனாமைசின் அந்த முட்டுக்கொடுப்பைத் தட்டிவிட்டால், எதிர்ப்பு பெற்ற பூஞ்சையும் மீண்டும் ஃப்ளூகோனசோலுக்கு அடங்குகிறது. 2005-ல் தெரிந்த சங்கதி இது. அப்புறம் ஏன் மருந்தாகவில்லை? பங்காளி உறவு மறுபடி குறுக்கே வருகிறது: நமக்கும் அதே எச்எஸ்பி90 உண்டு, அது இல்லாமல் நம் செல்களாலும் முடியாது. இரண்டு புரதங்களின் வடிவத்தையும் அருகருகே வைத்து, பூஞ்சையுடையதை மட்டும் பிடிக்கும் மூலக்கூறுகளை இப்போது செதுக்கி வருகிறார்கள்.